பழைய கிட்டாரில் புதிய பிக்கப்

(இசைக் கலைஞர்களும் கருவி பழுதுபார்ப்போரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கும் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றில் பிக்கப்பை மாற்றலாமா, கூடாதா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி இவ்வளவுதான். சில திருகாணிகளைக் கழற்றி, இரண்டு கம்பிகளின் ஈயப் பற்றை உருக்கி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தொலைகிற சில விஷயங்கள், பிறகு எத்தனை லட்சம் கொட்டிக் கொடுத்தாலும் திரும்பி வருவதில்லை. அதனால்தான் இதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடலாம் என்று நினைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றலாம். திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் மாற்ற வேண்டும். எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு காந்தம்; அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அசையும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதி. ஒரு விநாடியில் தந்தி எத்தனை முறை அதிர்கிறதோ, அந்த எண்ணிக்கையோடு சுருளில் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது. மரப்பெட்டியின் காற்றை நம்பி ஒலித்த கிட்டார், காந்தத்தை நம்பி ஒலிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஜார்ஜ் போஷாம்ப். குதிரைலாட வடிவக் காந்தங்கள் இரண்டைத் தந்திகளுக்கு மேலே வளைத்து அவர் உருவாக்கிய கருவி, 1932இல் ரிக்கன்பாக்கர் கிட்டாராகச் சந்தைக்கு வந்தது. வாணலி போல் இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் விழுந்தது. காப்புரிமை கிடைக்க 1937 ஆயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகத்தின் மெல்லிசையே மாறிப்போனது. நம் ஊரிலும் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரி மேடையில் வாசித்தது மின் மாண்டலின்தான். மீட்டிய வேகத்தில் தேய்ந்து அடங்கிவிடும் மாண்டலின் நாதத்தைக் கமகத்துக்குத் தேவையான அளவு நீட்டிக் கொடுத்தது அதே காந்தமும் செம்புக் கம்பியும்தான். ஆகவே இது நமக்கு அந்நியமான தொழில்நுட்பம் அல்ல.

இனி, சேகரிப்பாளர்களின் உலகத்தில் மிகவும் பேசப்படும் பிக்கப்புக்கு வருகிறேன். தொடக்க காலப் பிக்கப்புகள் எல்லாமே ஒற்றைச் சுருள். கிப்சன் நிறுவனம் 1946இல் கொண்டுவந்த பி-90 அந்த வகைதான். அவற்றின் ஒலி அழகானது. ஆனால் அறையில் உள்ள விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றின் இரைச்சலையும் சுருள் வாங்கிக்கொள்ளும். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கிப்சனில் பொறியாளராக இருந்த செத் லவர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சுருள்கள். ஒன்றின் காந்த முனை வடக்கு என்றால் மற்றது தெற்கு. மின்னோட்டம் செல்லும் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். இரைச்சல் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் அதிர்வோ இரண்டிலும் ஒரே பக்கமாகச் சேர்ந்து வலுக்கும். இதுவே ஹம்பக்கர்.

செத் லவர் 1955 ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது 1959 ஜூலையில். 1957 முதல் கிப்சனின் லெஸ் பால் கிட்டார்களில் ஹம்பக்கர் பொருத்தப்பட்டது. காப்புரிமை இன்னும் கைக்கு வராததால், பிக்கப்பின் அடித்தட்டில் 'பேட்டண்ட் அப்ளைட் ஃபார்' என்று ஒரு சின்ன ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்ற அறிவிப்பு. அந்த ஒட்டுத்தாளின் பெயராலேயே அந்தப் பிக்கப்புகள் இன்று பி.ஏ.எஃப். என்று அழைக்கப்படுகின்றன. 1962 வாக்கில் அதற்குப் பதில் காப்புரிமை எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் வந்தது. அதில் இருந்த 2,737,842 என்ற எண், பிக்கப்புக்கு உரியது அல்ல. கிட்டாரின் வால்பகுதியில் தந்திகளைக் கட்டும் உறுப்புக்குக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெற்ற காப்புரிமையின் எண். இத்தகைய விவரங்களை வைத்துத்தான் ஒரு பிக்கப்பின் வயதை அறிகிறார்கள்.

1958 முதல் 1960 வரை மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் செய்யப்பட்ட, சூரியக்கதிர் வண்ணம் பூசிய லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார்கள் மொத்தமே ஏறக்குறைய 1,500தான். அவற்றில் இருந்தவை பி.ஏ.எஃப். பிக்கப்புகள். இன்று அந்தக் கிட்டார் ஒரு வீட்டின் விலைக்கு விற்கிறது. கழற்றிய பி.ஏ.எஃப். ஜோடி மட்டுமே பல ஆயிரம் டாலர் போகிறது. போலி ஒட்டுத்தாள் அச்சிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு விலை ஏன்? அந்த ஒலியை வேறு எதிலும் கேட்க முடியாது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பி.ஏ.எஃப். பிக்கப்புகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை என்பதும் உண்மை. கம்பியைச் சுற்றும் பாபின் ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 சுற்று என்பது கணக்கு. நடைமுறையில், சுற்று எந்திரத்தை இயக்கியவர் பாபின் நிறைந்துவிட்டது என்று எண்ணும்போது நிறுத்தினார். அதனால் ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்களிலும் சுற்றுகளின் எண்ணிக்கை வேறுபட்டது. காந்தமும் அப்படியே. அல்னிகோ 2, 3, 4, 5 என்று எது கையிருப்பில் இருந்ததோ அது உள்ளே போனது. மல்டிமீட்டரில் பார்த்தால் ஒன்று 7 கிலோ ஓம் காட்டும், இன்னொன்று 9 காட்டும். சில தேனாக இருக்கும். சில மந்தமாக இருக்கும். ஆகவே, பி.ஏ.எஃப். என்ற பெயரைக் கேட்டதும் காதால் கேட்காமலேயே தலையாட்ட வேண்டியதில்லை. தன் கிட்டாரின் ஒலி தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஓர் இசைஞருக்கு முழு உரிமை உண்டு.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டரின் தொழிற்கூடத்திலும் இதே கதைதான். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஆறு சிறு காந்தத் தண்டுகள். அவற்றின் மேலேயே, 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றினார்கள். கம்பியை எந்தப் பக்கம் அடுக்க வேண்டும் என்று வழிகாட்டியவை பெண் தொழிலாளர்களின் விரல்கள். 1956இல் ஃபெண்டரில் சேர்ந்த அபிகெயில் இபாரா, 2013 வரை பிக்கப் சுற்றினார். அவருடைய பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அவரோடு அதே மேசையில் அமர்ந்து சுற்றிய எத்தனையோ பெண்களின் பெயர்கள் தெரியவில்லை. 1960களின் நடுப்பகுதியில் செய்த பல பிக்கப்புகளின் அடித்தட்டில் ஒரு தேதியும் சுற்றியவரின் முதலெழுத்தும் மட்டும் இருக்கின்றன.

நண்பர்களே, என் பேச்சின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கிட்டாரை வாசித்தவர்களுக்கு இசைத்தட்டு இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அதைச் செய்த பெண்களுக்கு அந்தச் சுருள் மட்டுமே இருக்கிறது. கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார், எந்த ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினார், எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் அந்தச் செம்புக்குள் பதிந்திருக்கிறது. காதால் கேட்கவும் முடிகிறது. பழைய பிக்கப்பைக் குப்பைக் கூடையில் போடும்போது, ஒரு தொழிலாளி தன் வாழ்நாளில் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்தை நாம் போடுகிறோம். சேகரிப்பாளருக்கு அதன் விலை பெரிது. எனக்கு அந்தக் கையெழுத்து பெரிது.

ஆனால் 1970களில் இந்த எண்ணம் பெரும்பாலோருக்கு இல்லை. அவர்களுக்கு அவை பழைய கிட்டார்கள், அவ்வளவே. மேடை பெரிதாயிற்று, ஒலி பெரிதாயிற்று. ஆம்ப்ளிஃபையரை இன்னும் பலமாகத் தூண்டும் பிக்கப் வேண்டும் என்று கலைஞர்கள் கேட்டார்கள். லாரி டிமார்ஸியோ 1970களின் தொடக்கத்தில் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தார். 1976இல் செமோர் டங்கன் கலிஃபோர்னியாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். கடையில் பிக்கப்பை மட்டும் தனியாக வாங்கி, தன் கிட்டாரில் தானே மாட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது. நல்ல பழக்கம்தான், எத்தனையோ அருமையான இசை அதிலிருந்து பிறந்தது. ஆனால் கழற்றிய பி.ஏ.எஃப்.களுக்கு என்ன ஆயிற்று? மேசை இழுப்பறையில் கிடந்தன, கைமாறின, தொலைந்தன. இன்னும் மோசமாக, 1950களின் பொன்வண்ண லெஸ் பால் கிட்டார்களில் பி-90 இருந்த இடத்தை உளியும் ரவுட்டரும் கொண்டு குடைந்து ஹம்பக்கர் பொருத்தினார்கள். பிக்கப்பை என்றாவது தேடிப் பிடித்துவிடலாம். குடைந்து எடுத்த மரத்தை எங்கே தேடுவது?

அப்படியென்றால் பழைய கிட்டாரைத் தொடவே கூடாதா? கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு மூன்று கிட்டார்களின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்த 1959ஆம் ஆண்டு லெஸ் பால். அதன் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் காந்தம் தலைகீழாகத் திரும்பி இருந்தது. ஒரு பிக்கப்பை மட்டும் ஒலிக்கவிட்டால் வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், ஒன்றின் அலையை மற்றது எதிர்த்து, கனமான அடிச்சுருதிகள் கரைந்து, மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய ஒலி எஞ்சும். அந்த ஒலிதான் பீட்டர் கிரீனின் அடையாளம் ஆயிற்று. கிட்டார் பிறகு இன்னொரு கிட்டார் கலைஞரான கேரி மூரிடம் போனது. 2014இல் மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. யாராவது ஒரு கடமையுணர்வுள்ள தொழிலாளி இடையில் பிக்கப்பைத் திறந்து, பிழையைத் திருத்தி, தொழிற்சாலையில் இருந்தபடி ஆக்கியிருந்தால், அந்தக் குரல் அன்றே செத்திருக்கும். தொழிற்சாலை வாசலோடு ஒரு கருவியின் வரலாறு முடிந்துவிடுவதில்லை.

இரண்டாவது, எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி'. 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். மீதி மூன்றில் சிறந்த பாகங்களைத் தேர்ந்து ஒன்றாக்கினார். சேகரிப்பாளரின் இலக்கணப்படி அது ஒட்டுப்போட்ட கிட்டார். 2004இல் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது.

மூன்றாவது, பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயார்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதில் அவர் மாற்றாதது குறைவு. கழுத்து மாறியது, பிக்கப் மாறியது, ஸ்விட்ச் மாறியது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை 1979இல் எடுத்துவிட்டு செமோர் டங்கன் சுற்றிய ஒன்றை வைத்தார். 2019 ஜூன் 20 அன்று கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 39,75,000 டாலருக்கு விற்றது. அதுவரை எந்தக் கிட்டாரும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. பணம் முழுவதையும் சுற்றுச்சூழல் பணிக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த மூன்றும் நமக்குச் சொல்வது என்ன? புகழ்பெற்றவர் கை பட்டால் எதுவும் விலை போகும் என்பது மேலோட்டமான பாடம். அடியில் வேறொன்று இருக்கிறது. கில்மோரின் கிட்டாரில் எந்த ஆண்டு எது மாறியது என்பது தெரியும். அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதும் அளவுக்குத் தகவல் காக்கப்பட்டிருக்கிறது. பிளாக்கி எவ்வாறு பிறந்தது என்பது தெரியும். மாற்றம் அந்தக் கருவிகளைக் கெடுக்கவில்லை. அவற்றின் வரலாற்றில் அதுவும் ஓர் அத்தியாயமாகச் சேர்ந்தது. காரணம், மாற்றத்துக்குச் சாட்சி இருந்தது. யார், எப்போது, ஏன் என்று தெரியாமல் நடக்கிற மாற்றம்தான் கருவியை ஊமையாக்குகிறது.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். கோயில் புதிதாக எழுந்த பின், ராஜேந்திரன் காலத்தில், அந்த ஏட்டைப் பார்த்து அவற்றை மீண்டும் கல்லில் வெட்டினார்கள். பழையதைத் தொடாதே என்று யாரும் தடுக்கவில்லை. பழையது சொன்னதை இழந்துவிடாதே என்பதில் கவனமாக இருந்தார்கள். ஒரு கிட்டாரின் முன் அமரும்போது நமக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

இனி, வேலைக்கு வருவோம். என் தோழர்கள் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

ஒலி பிடிக்கவில்லை என்று ஒருவர் பழைய கிட்டாரோடு வந்தால், பிக்கப்பைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் தந்தியை மாற்றிப் பாருங்கள். பிறகு பிக்கப்பின் உயரம். தந்திக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் தந்தியையே இழுக்கும். சுருதி பிசகி, அசைந்து அசைந்து ஒலிக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது அடிக்கடி நடக்கும். திருகாணியை அரைச் சுற்றுத் திருகினால் சரியாகிவிடுகிற குறைக்காக எத்தனையோ நல்ல பிக்கப்புகள் கழற்றப்பட்டிருக்கின்றன. கேபிள், ஆம்ப்ளிஃபையர், வால்யூம் கண்ட்ரோல், டோன் கண்டென்சர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிக்கப்புக்கு வாருங்கள்.

மல்டிமீட்டரை வைத்ததும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். செம்பின் மின்தடை வெப்பத்தோடு கூடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். 20 டிகிரியில் 7.5 கிலோ ஓம் காட்டும் சுருள், சென்னையின் 35 டிகிரியில் 7.9 காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, 'இது அசல் இல்லை, யாரோ மறுபடி காயில் (சுருள்) கட்டியிருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டால் ஒரு நல்ல கருவியின் பெயர் கெட்டுவிடும். அளவைக் குறிக்கும்போது அறையின் வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

மீட்டரில் அளவே வரவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. அப்போதும் பதறாதீர்கள். பெரும்பாலும் அறுவது, மெல்லிய சுருள் கம்பி தடித்த இணைப்புக் கம்பியோடு சேரும் முனையில்தான். உருப்பெருக்கியின் கீழ் பொறுமையாகப் பார்த்தால் அந்த முனையை மட்டும் மீட்டுச் சேர்த்துவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் விஷயம் வேறு. ஃபெண்டர் பிக்கப்புகளில் சுருள் நேராகக் காந்தத் தண்டின் மேல் இருப்பதால், தண்டு துருப்பிடித்தால் அதை ஒட்டிய கம்பியும் அரிக்கப்படும். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்களில் இந்த ஆபத்து அதிகம். பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வைப்பது பாதி வைத்தியம். ஆனால் பெட்டியின் உள்ளே மரம் காய்ந்து வெடிக்கும் அளவுக்கு உலர்த்திவிடவும் கூடாது. சின்ன ஈரப்பதமானி ஒன்று அங்கேயே இருக்கட்டும்.

சுருள் உள்ளே அறுந்த பிக்கப்புக்கு வழி இரண்டு. ஒன்று, மீண்டும் காயில் கட்டுவது. காந்தம், பாபின், அடித்தட்டு, இணைப்புக் கம்பி எல்லாம் அசலாகவே இருக்கும். செம்பு மட்டும் புதிது. கட்டுகிறவர் பழைய சுற்றுகளை எண்ண வேண்டும், சுற்றிய திசையைக் குறிக்க வேண்டும், கம்பியின் மேல்பூச்சு எத்தகையது என்று பார்க்க வேண்டும். 1964 வரையில் ஃபெண்டர் பெரும்பாலும் ஃபார்ம்வார் பூசிய கம்பியும், அதன் பின் சாதாரண எனாமல் பூசிய கம்பியும் பயன்படுத்தியது. எடுத்த பழைய கம்பியை ஒரு காகித உறையில் போட்டு உரியவரிடமே கொடுக்க வேண்டும். இன்னொரு வழி, அறுந்த பிக்கப்பை அப்படியே காத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய ஒன்றை வாசிப்பதற்காகப் பொருத்துவது. அரிய பிக்கப் என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். இன்று மீட்க முடியாத சுருளை நாளை ஒரு கைதேர்ந்தவர் மீட்கக்கூடும்; அந்த வாய்ப்பை இன்றே வெட்டி எறிய வேண்டாம்.

மாற்றுவதென்று முடிவு செய்தால், மரத்தைத் தொடாதீர்கள். புதிய துளை வேண்டாம், குழியைப் பெரிதாக்க வேண்டாம். பி-90 இருக்கும் கிட்டாரில் இரைச்சல் தாங்கவில்லை என்றால், பி-90 அளவிலேயே இரைச்சல் நீக்கும் பிக்கப்புகள் கிடைக்கின்றன. ஹம்பக்கர் குழியில் ஒற்றைச் சுருள் ஒலி வேண்டும் என்றால் அந்த அளவிலும் கிடைக்கிறது. குழிக்கு ஏற்றதைத் தேடுங்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பிக்கப், கண்ட்ரோல், ஸ்விட்ச் எல்லாமே ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. ஜாக்கின் இரண்டு கம்பிகளையும், பின்பக்க ஸ்பிரிங் தகட்டுக்குப் போகும் எர்த் கம்பியையும் எடுத்தால் முழுத் தகடும் வெளியே வந்துவிடும். அதை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு, புதிய பாகங்களோடு தயார் செய்த வேறொரு தகட்டைப் பொருத்துங்கள். அசல் பிக்கப்பின் ஈயப் பற்று ஒன்றுகூடக் கலையாது. 1960களின் தொடக்கத்துத் தகடுகள் செல்லுலாய்டு. சுருங்கித் திருகாணித் துளைகளில் வெடிக்கும். நெம்பி எடுக்காமல் ஒவ்வொரு திருகாணியாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

லெஸ் பாலில் இந்த வசதி இல்லை. பிக்கப்பின் பின்னல் உறையிட்ட கம்பி, மரத்துளை வழியாகப் போய் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் ஈயத்தை உருக்கி எடுங்கள். கம்பியை நடுவில் ஒருபோதும் வெட்டாதீர்கள். கண்ட்ரோலின் முதுகு வெப்பத்தை உறிஞ்சும். பலமில்லாத பற்றவைப்பு இரும்பை வைத்து நெடுநேரம் சுட்டால் உள்ளே உள்ள கரிப்பாதை கருகிவிடும். நன்கு சூடான இரும்பை வைத்துச் சட்டென்று எடுங்கள். பிக்கப்பின் உலோக மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே பாபின் கறுப்பா வெள்ளையா என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அறுபது ஆண்டுகளாக யாரும் உடைக்காத ஈயப் பற்றை அந்த ஆசைக்காக உடைக்கலாமா?

அந்தப் பழைய ஈயப் பற்றும் கண்ட்ரோல்களும் சாட்சி சொல்பவை. கண்ட்ரோலின் முதுகில் முத்திரையிட்ட எண்ணைப் படியுங்கள். 1376520 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 65 என்பது 1965ஆம் ஆண்டு, 20 என்பது அந்த ஆண்டின் இருபதாவது வாரம். அந்தக் கிட்டார் அதற்கு முன் முழுமை அடைந்திருக்க முடியாது. பிக்கப்பை மாற்றும் அவசரத்தில் கண்ட்ரோலையும் மாற்றி எறிந்துவிட்டால் கிட்டாரின் பிறப்புச் சான்றிதழை எறிந்தது போல ஆகும்.

இப்போது ஓர் இளம் இசைஞர் என்னைக் கேட்கலாம்: 'கருவி வாசிப்பதற்குத்தானே? ஏன் இத்தனை கட்டுப்பாடு?' நியாயமான கேள்வி. நான் சொன்ன எதிலும் வாசிக்காதே என்பது இல்லை. இன்றிரவு கச்சேரிக்கு எந்த ஒலி வேண்டுமோ அந்த ஒலியோடு மேடை ஏறுங்கள். ஆனால் 1959இல் செய்த ஒரு கிட்டார் உங்களுக்கு முன் சிலர் கையில் இருந்தது. உங்களுக்குப் பின் சிலர் கைக்குப் போகும். உங்கள் காதுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருப்பது போல, அடுத்தவருக்கும் இருக்க வேண்டும். அசல் பிக்கப் பெட்டியில் இருந்தால் அவர் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் ரசனையை அவர் மேல் நிரந்தரமாகச் சுமத்திவிட்டீர்கள் என்று பொருள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றியதை மறைக்காதீர்கள். மாற்றிய பிக்கப் உள்ள கிட்டார் குறைந்த விலைக்குப் போகும் என்பது உண்மை. அதை அசல் என்று சொல்லி விற்றால், ஏமாறுகிறவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்தப் பொய்யான ஒலியைக் கேட்டு, '1959இல் இப்படித்தான் ஒலித்தது' என்று கற்றுக்கொள்ளும் அத்தனை பேரும் ஏமாறுகிறார்கள். அதை வைத்து ஆய்வு செய்கிறவர் தவறான முடிவுக்கு வருகிறார். அதைப் பார்த்து நகல் செய்கிறவர் தவறானதை நகல் செய்கிறார்.

பழுதுபார்க்கும் தோழர்களே, நிறைவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மோட்டார் காயில் கட்டுகிற கடையில்கூட எத்தனை சுற்று, எந்த அளவுக் கம்பி என்று நோட்டில் எழுதி வைக்கிறார்கள். நாமும் எழுதுவோம். கிட்டாரின் வரிசை எண், பிக்கப்பின் அடித்தட்டுப் படம், கண்ட்ரோல் எண்கள், மின்தடை, அன்றைய வெப்பம், எதை எடுத்தோம், எதை வைத்தோம், ஏன் செய்தோம், செய்தவர் பெயர், தேதி. ஒரே பக்கம் போதும். ஒரு படி கிட்டார் பெட்டிக்குள், எடுத்த பாகங்களோடு. இன்னொரு படி உங்கள் கடையில். செய்தவர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். கலமசூவிலும் ஃபுல்லர்ட்டனிலும் உழைத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர்களை அன்று யாரும் கருவியோடு எழுதி வைக்கவில்லை. இன்று அந்த இழப்பை நம்மால் ஈடுகட்ட முடியவில்லை. நம் ஊர்த் தொழிலாளியின் பெயராவது தொலையாமல் இருக்கட்டும். அடுத்த கிட்டார் உங்கள் மேசைக்கு வரும்போது, திருப்புளியை எடுப்பதற்கு முன் பேனாவை எடுங்கள்.